பிளைட்ல ஒருத்தருக்கு முடியாம போனா: 'ஒடனே எறக்க வேண்டியதுதானே'ன்னு கேக்குறவங்களுக்கு

நடுவானத்துல யாரோ மயங்கி விழுந்தாங்க, ஒண்ணரை மணி நேரம் கழிச்சுதான் பிளைட்ட எறக்குனாங்கன்னு ஒரு செய்தி வந்தா போதும், எல்லாரும் கேக்குறது ஒரே கேள்விதான்: வழியில ஏர்போர்ட்டே இல்லையா, ஒடனே எறக்க வேண்டியதுதானே? இன்னொரு கோஷ்டி இதுக்கு நேர் எதிர், மேல போனப்புறம் ஒடம்புக்கு வந்துட்டா அவ்ளோதான், யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாதுன்னு முடிவே கட்டிடுவாங்க. ரெண்டும் தப்பு. மேல இருக்கறவங்களால நெறையவே செய்ய முடியும், ஆனா அதுல பாதிக்கு மேல வைத்தியம் இல்ல, ஆஸ்பத்திரி கைக்கு எட்டுற வரைக்கும் ஆள இழுத்துப் பிடிக்கிற வேலை. எங்க எறக்குறதுங்கறதும் தூரக் கணக்கு கெடையாது. அது என்ன கணக்குன்னு மெதுவா அடியிலருந்து பாத்துட்டு வருவோம், மருத்துவம் விமானம் ரெண்டும் தெரியாதவங்களுக்காகத்தான் எழுதுறேன்.

கேபினுக்குள்ள நம்ம ஒரு மலை மேல உக்காந்திருக்கோம்

பிளைட் 36,000 அடியில பறக்கும், ஆனா உள்ள இருக்கற நம்ம ஒடம்புக்கு அது தெரியாது, ஏன்னா கேபினுக்குள்ள காத்த அழுத்தி அடைச்சு வச்சிருக்காங்க. சரி, தரையில இருக்கற அதே அழுத்தத்த வச்சிட வேண்டியதுதானேன்னா, உள்ளருந்து அவ்ளோ அழுத்தம் தள்ளுனா அதத் தாங்க விமானத்தோட கூட்ட இன்னும் கனமா செய்யணும், எடை ஏறிடும். அதனால ஒரு நடு அளவுக்கு வந்திருக்காங்க, சுமார் 6,000 லருந்து 8,000 அடி ஒசர மலையில நின்னா என்ன அழுத்தம் இருக்குமோ அது. இதுக்குப் பேருதான் கேபின் ஆல்டிடியூட். வழக்கமான பறப்புல 8,000 அடிதான் எல்லை, போயிங் 787, ஏர்பஸ் ஏ350 மாதிரி புது விமானங்கள்ல 6,000 பக்கம் இருக்கும்.

இங்க ஒரு குழப்பம் எல்லாருக்கும் வரும். மேல போனா காத்துல ஆக்சிஜன் சதவீதம் கொறஞ்சிடும்னு நெனைப்பாங்க, அப்படி இல்ல, தரையிலயும் 21 சதவீதம், அங்கயும் 21 தான். மாடி வீட்டுக் குழாய்ல தண்ணி நூலு மாதிரி வரும்ல, தண்ணி அதே தண்ணிதான், தள்ளுற வேகந்தான் கம்மி. அதே கதைதான் இங்கயும், 8,000 அடியில காத்தழுத்தம் தரையில இருக்கறதுல முக்கால் பங்குதான், அதனால நுரையீரல்லருந்து ரத்தத்துக்குள்ள ஆக்சிஜன் போற தள்ளு கொறையுது. வெரல்ல ஒரு கிளிப்பு மாட்டி ரத்தத்துல ஆக்சிஜன் எத்தன சதவீதம்னு நம்பர் பாப்பாங்களே, நல்லா இருக்கறவங்களுக்கு அது 97, 98 லருந்து 92, 93 பக்கம் எறங்கிடலாம், அவங்களுக்கு அது தெரியக்கூட தெரியாது. ஆனா ஏற்கனவே நுரையீரலோ இதயமோ தடுமாறிட்டு இருக்கறவருக்கு அந்த அஞ்சு புள்ளியே பெருசு.

இன்னொரு விஷயம், அழுத்தம் கொறஞ்சா காத்து உப்பும். சிப்ஸ் பாக்கெட் பிளைட்ல பந்து மாதிரி ஆகுறத பாத்திருப்பீங்க, அதேதான் வயித்துக்குள்ளயும் காதுக்குள்ளயும் நடக்குது, கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு வரைக்கும் விரியும். சும்மா இருக்கற ஆளுக்கு வயிறு உப்புசம், அவ்ளோதான். கண் ஆபரேஷன்ல கண்ணுக்குள்ள கேஸ் குமிழி வச்சவங்க, வயித்துல இப்பத்தான் ஆபரேஷன் ஆனவங்க, இவங்கள டாக்டர் பறக்க வேண்டாம்னு சொல்றது இதனாலதான், பயமுறுத்த இல்ல.

இதுவரைக்கும் வந்தது இவ்ளோதான்: கேபின்ங்கறது ஒரு மலை மேல இருக்கற ரூம் மாதிரி, ஆக்சிஜன் தள்ளு கம்மி, காத்து உப்பும், அது போக ஈரப்பதமும் ரொம்ப கம்மி. ஆரோக்கியமா இருக்கறவங்களுக்குத் தாங்கும், ஓரத்துல நிக்கறவங்களத்தான் கொஞ்சம் தள்ளி விடும்.

பெரும்பாலும் வர்றது மாரடைப்பு இல்ல

சினிமால பிளைட்னாலே நெஞ்சப் புடிச்சிட்டு விழுவாங்க. நெஜத்துல வேற. 2008 லருந்து 2010 வரைக்கும் அஞ்சு விமான நிறுவனங்கள்லருந்து தரையில இருக்கற மருத்துவ மையத்துக்கு வந்த அழைப்புகள எடுத்து ஆராய்ஞ்சு 2013 ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல போட்டாங்க, மொத்தம் 11,920 கேஸ். சுமாரா 604 பிளைட்டுக்கு ஒண்ணு. அதுல 37 சதவீதம் மயக்கம் இல்ல மயக்கம் வர்ற மாதிரி இருந்தது, மூச்சு சம்பந்தமா 12, வாந்தி குமட்டல் ஒரு 10 கிட்ட. இதயம் நின்னு போனது 0.3 சதவீதம். தரைக்கு போன் போடாம அங்கயே தண்ணி குடுத்து சரி பண்ண கேஸெல்லாம் இந்தக் கணக்குலயே வராது.

மயக்கம் ஏன் இவ்ளோ வருது? மணிக்கணக்கா உக்காந்தே இருந்தா ரத்தம் கால்ல தேங்கும், தூக்கம் இல்ல, தண்ணி குடிக்கல (பாத்ரூம் போகணுமேன்னு வேணும்னே குடிக்காம இருக்கறவங்க எத்தன பேரு), மேல ரெண்டு பெக்கு வேற, அப்புறம் திடீர்னு எழுந்து நிப்பாங்க. மூளைக்குப் போற ரத்தம் சில நொடி கொறையும், ஆள் சாஞ்சிடுவாரு. இந்த வகை மயக்கத்த மருத்துவத்துல சிங்கோபின்னு சொல்லுவாங்க, இதயம் நிக்கல, ஆள் தானாவே முழிச்சுக்குவாரு. படுக்க வச்சு கால தூக்கி வச்சாலே பெரும்பாலும் சில நிமிஷத்துல முகத்துல ரத்தம் வந்துடும். இதுல பெரிய தப்பு என்னன்னா பக்கத்துல இருக்கறவங்க பதறிப்போய் அவர தூக்கி நிமித்தி உக்கார வைக்கறது, அதான் கூடவே கூடாது.

மொதல் சில நிமிஷம்: மூணு பேரு, மூணு வேலை

ஏர்ஹோஸ்டஸ்னா சாப்பாடு குடுக்க வந்தவங்கன்னு நெனைக்கறோம், சட்டப்படி அவங்க அங்க இருக்கறதே நம்ம பாதுகாப்புக்கு, சாப்பாடு அப்புறம் வந்து சேந்த வேலை. முதலுதவி, நெஞ்ச அமுக்கி உயிர் மீட்கற சிபிஆர் எல்லாம் பயிற்சி எடுத்து அத திரும்பத் திரும்ப புதுப்பிச்சிட்டே இருக்கணும்.

ஒருத்தர் விழுந்ததும் மொதல்ல பாத்த க்ரூ அவர விட்டு நகர மாட்டாங்க. ரெண்டாவது ஆள் ஓடிப்போய் பெட்டி, ஆக்சிஜன் சிலிண்டர், ஷாக் மெஷின் எடுத்துட்டு வருவாங்க. மூணாவது ஆள் உள்தொடர்பு போன்ல காக்பிட்டுக்கு சொல்லுவாங்க, என்ன வயசு, நினைவு இருக்கா, மூச்சு எப்படின்னு. கேப்டன் ஏன் எழுந்து வந்து பாக்கலன்னு சில பேரு கோவப்படறாங்க, அவரு வரவே கூடாது, 2001 செப்டம்பர் தாக்குதலுக்கு அப்புறம் அந்தக் கதவு பூட்டியே இருக்கும், அது போக அவரு வேலை இப்பத்தான் ரெட்டிப்பா ஆகியிருக்கு.

மூச்சும் நாடியும் இல்லன்னா சிபிஆர், அதாவது நெஞ்ச கையால அமுக்கி இதயம் செய்ய வேண்டிய பம்ப் வேலைய நம்ம செய்யறது. நிமிஷத்துக்கு 100 லருந்து 120 தடவை, பெரியவங்களுக்கு குறைஞ்சது 5 சென்டிமீட்டர் ஆழம், 30 அமுக்குக்கு ரெண்டு மூச்சு. சீட்ல உக்கார வச்சு இத பண்ணவே முடியாது, நடக்கற வழியில ஒரு ஆளுதான் நுழைய முடியும், அதனால முடிஞ்சா அவர சாப்பாட்டு வண்டி நிக்கற எடத்துக்கோ கதவு பக்கமோ இழுத்துட்டுப் போயி தரையில படுக்க வைப்பாங்க. பாக்க முரட்டுத்தனமா தெரியும், ஆனா அதுதான் சரி. ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆள் மாத்திக்குவாங்க, ஏன்னா இத செஞ்சு பாத்தவங்களுக்குத் தெரியும், ரெண்டாவது நிமிஷத்துலயே கை தளந்துடும்.

பெட்டிக்குள்ள என்ன இருக்கு

பிளைட்ல ரெண்டு வகை பெட்டி இருக்கும். ஒண்ணு சாதாரண முதலுதவிப் பெட்டி, கட்டு, பிளாஸ்டர் அந்த மாதிரி. இன்னொன்னு எமர்ஜென்சி மெடிக்கல் கிட், சீல் வச்சிருக்கும், டாக்டர் மாதிரி தெரிஞ்சவங்களுக்காக. நாட்டுக்கு நாடு, நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் மாறும், ஆனா பொதுவா பிபி பாக்கற கருவி, ஸ்டெதாஸ்கோப், ஊசி, சலைன், ஆஸ்பிரின், நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில வைக்கற நைட்ரோகிளிசரின், கடுமையான அலர்ஜிக்கு எபிநெஃப்ரின், ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர், சக்கரை கொறஞ்சா ஏத்த டெக்ஸ்ட்ரோஸ் இதெல்லாம் இருக்கும். ஸ்டெதாஸ்கோப் இருந்தும் இன்ஜின் சத்தத்துல ஒண்ணும் கேக்காது, அதனால நாடிய வெரலால தொட்டுப் பாத்துட்டே பிபி எடுக்கறவங்கதான் அதிகம்.

ஷாக் மெஷினுக்கு ஏஈடின்னு பேரு. இதயம் சில சமயம் முழுசா நிக்காது, தாளம் தப்பிப் போயி சும்மா துடிதுடிச்சிட்டே இருக்கும், ரத்தம் வெளிய போகாது, பாட்டு கச்சேரியில எல்லாரும் ஆளுக்கொரு தாளம் போட்டா எப்படி இருக்கும், அப்படி. ஏஈடி ஒரு அடி அடிச்சு எல்லாத்தையும் ஒரு கணம் நிறுத்தும், அப்புறம் இதயம் தானா ஒழுங்கான தாளத்துல எடுத்துக்கும்னு நம்பிக்கை. நேர்கோடா போயி முழுசா நின்ன இதயத்துக்கு ஷாக் குடுத்து பிரயோஜனம் இல்ல, டிவில காட்டுறது சுத்தப் பொய், மெஷினே பாத்து ஷாக் வேண்டாம்னு சொல்லிடும். தாளம் தப்புன கேஸ்ல ஒவ்வொரு நிமிஷம் தாமதத்துக்கும் பிழைக்கற வாய்ப்பு 7 லருந்து 10 சதவீதம் வரை எறங்கும். 10 நிமிஷம்னா கணக்கு போட்டுக்கோங்க. எந்த விமானத்தாலயும் பத்து நிமிஷத்துல தரைக்கு வந்து ஆஸ்பத்திரி சேர முடியாது, அதனாலதான் இந்த ஒரு மெஷின மட்டும் மேலயே வச்சே ஆகணும். அமெரிக்காவுல 1998 ல ஒரு சட்டம் போட்டு, 2004 லருந்து பயணிகள் பெரிய விமானங்கள்ல இது கட்டாயம்.

ஆக்சிஜன் பத்தியும் சொல்லிடறேன். மேலருந்து தொங்குற மஞ்சள் மாஸ்க்க ஏன் அவருக்கு மட்டும் எறக்கலன்னு கேப்பாங்க. அது தனி ஆளுக்கு இல்ல, கேபின் அழுத்தம் போனா எல்லாருக்கும் சேத்து விழறதுக்கு. நெறைய விமானத்துல அதுக்குப் பின்னாடி சிலிண்டரே இல்ல, ஒரு ரசாயன டப்பா, இழுத்தா பத்திக்கிட்டு ஆக்சிஜன் விடும், ஆரம்பிச்சா நிறுத்த முடியாது, 12 லருந்து 22 நிமிஷத்துல தீந்துடும், அதுக்குள்ள பைலட் கீழ எறங்கிடுவாருங்கறது திட்டம். நோயாளிக்குக் குடுக்கறது கையில தூக்கற தனி சிலிண்டர். பரவலா இருக்கற சைஸ் 310 லிட்டர், நிமிஷத்துக்கு 4 லிட்டர் விட்டா ஒண்ணேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல, ஒரு 77 நிமிஷத்துல முடிஞ்சிடும்னு வச்சுக்கோங்க, 2 லிட்டர்ல விட்டா அதுக்கு ரெட்டிப்பு. கடல் மேல பறக்கறப்ப இந்த நம்பரே ஒரு முடிவ மாத்திடும்.

ஆக, க்ரூ கையில இருக்கறது சின்ன கிளினிக் கூட இல்ல. ஆனா நிமிஷக் கணக்குல உயிர் போற விஷயங்களுக்கு (தாளம் தப்புன இதயம், அலர்ஜி, சக்கரை இறக்கம், மூச்சுத் திணறல்) தேவையானது கையில இருக்கு, மணிக்கணக்கு தாங்குற விஷயங்கள கீழ பாத்துக்கலாம்னுதான் அந்தப் பெட்டிய அடுக்கியிருக்காங்க.

டாக்டர் யாராவது இருக்கீங்களா

அந்த அறிவிப்பு வந்ததும் பாதி நேரம் யாராவது ஒரு டாக்டர் எழுந்து வர்றாங்க, மேல சொன்ன ஆராய்ச்சியில கிட்டத்தட்ட 48 சதவீதம். ஆனா வந்தவரு தோல் டாக்டரா இருக்கலாம், எதிர்ல இருக்கறது பிரசவ வலியா இருக்கலாம். சில சமயம் அதிர்ஷ்டம் அடிக்கும். 1995 ல ஹாங்காங்லருந்து லண்டன் போன ஒரு பிளைட்ல ஒரு பெண்ணுக்கு வெலா எலும்பு ஒடஞ்சு நுரையீரலச் சுத்தி காத்து சேந்துடுச்சு, கேபின் அழுத்தத்துல காத்து உப்பும்னு மேல சொன்னேனே, அது உப்பி நுரையீரல நசுக்க ஆரம்பிச்சிருக்கு. அதே பிளைட்ல அங்கஸ் வாலஸ்னு ஒரு எலும்பு சர்ஜன் இருந்தாரு. கோட் மாட்டுற ஹேங்கர் கம்பி, சிறுநீர் எடுக்க மாட்டுற ரப்பர் குழாய், தண்ணி பாட்டில் வச்சு, கிருமி போக பிராந்தி ஊத்தி, இன்னொரு டாக்டரோட ஒதவியில நெஞ்சுல ஓட்டை போட்டு காத்த வெளிய எடுத்துட்டாரு, அந்தப் பெண் பிழைச்சாங்க. நல்ல கதை, ஆனா இத வச்சு எல்லா பிளைட்லயும் இப்படி நடக்கும்னு நெனைக்காதீங்க, இது விதிவிலக்கு.

வழக்கமா நடக்கறது இத விட அலுப்பான விஷயம், ஆனா அதுதான் உயிரக் காப்பாத்துது. தரையில 24 மணி நேரமும் எமர்ஜென்சி டாக்டர்கள் உக்காந்திருக்கற மையங்கள் இருக்கு, அமெரிக்காவுல ஃபீனிக்ஸ், பிட்ஸ்பர்க் ரெண்டு ஊர்லயும் இருக்கறது ரொம்ப நாளா ஓடுது. சாட்டிலைட் போன், ரேடியோ எது கெடைக்குதோ அதுல பேசுவாங்க. அந்த டாக்டருக்கு இந்த விமானத்துப் பெட்டியில என்ன மருந்து இருக்குன்னு தெரியும், எந்த ஊர்ல எந்த ஆஸ்பத்திரி இருக்குன்னும் தெரியும், இந்த மாதிரி தெனமும் பல கேஸ் பாக்கறவரு. பக்கத்து சீட்லருந்து எழுந்து வந்த டாக்டர் இவரோட கண்ணும் கையும் மாதிரி, முடிவு ரெண்டு பேரும் சேந்து சொல்ற ஆலோசனை. கடைசியா எறக்கறதா இல்லையான்னு தீர்மானிக்கறது கேப்டன் மட்டும்தான், எந்த டாக்டரும் அவருக்கு உத்தரவு போட முடியாது. ஏன்னா டாக்டருக்கு ஒரு உயிரு, கேப்டனுக்கு முந்நூறு.

இப்ப அந்தக் கேள்விக்கு வருவோம்: ஒடனே எறக்க வேண்டியதுதானே?

ஒரு பெரிய ப்ளைஓவர் மேல போயிட்டு இருக்கீங்க, சரியா கீழ ஒரு ஆஸ்பத்திரி தெரியுது. பக்கத்துலதான் இருக்கு, ஆனா குதிக்க முடியாது, பாலம் முடியற வரைக்கும் போயி எறங்கி திரும்பி வரணும். அதுக்கு நேரா முன்னாடி பாலம் எறங்கற எடத்துல இன்னொரு ஆஸ்பத்திரி இருந்தா அதுதான் கிட்ட. விமானமும் அப்படித்தான். பைலட்டுங்க மனக்கணக்கு ஒண்ணு வச்சிருப்பாங்க, ஆயிரம் அடிக்கு மூணு நாட்டிக்கல் மைல், அப்ப 36,000 அடியிலருந்து எறங்க சுமார் 108, அதாவது 200 கிலோமீட்டர். நேரா காலுக்கு அடியில இருக்கற ஏர்போர்ட்டுக்கு சுத்திச் சுத்தி எறங்கணும், 200 கிலோமீட்டர் தள்ளி முன்னாடி இருக்கறதுக்கு நேரா வழுக்கிட்டே போயிடலாம், ரெண்டுக்கும் கிட்டத்தட்ட அதே அரை மணி நேரம்தான். எதுலயும் இருபது, இருபத்தஞ்சு நிமிஷத்துக்குக் கீழ கொண்டு வர்றது கஷ்டம்.

வழிய மாத்தி வேற ஊர்ல எறக்கறதுக்கு டைவர்ஷன்னு பேரு. அது முடிவு பண்றப்ப கேப்டன் தலையில ஓடுறது என்னன்னா, அங்க ரன்வே இவ்ளோ பெரிய விமானத்துக்குப் போதுமா, வானிலை எப்படி, ராத்திரி அந்த ஏர்போர்ட் தெறந்திருக்கா, அத விட முக்கியமா அந்த ஊர்ல இந்த வியாதிக்கு ஆஸ்பத்திரி இருக்கா. நெஞ்சு அடைப்புக்கு ரத்தக்குழாய் தெறக்கற வசதி இல்லாத சின்ன ஊர்ல 30 நிமிஷத்துல எறக்கிட்டு அங்கருந்து ஆம்புலன்ஸ்ல மூணு மணி நேரம் ரோட்ல போறதா, இல்ல 70 நிமிஷம் பறந்து பெரிய ஊர்ல எறக்கறதா? வெளியருந்து பாக்கறவங்களுக்கு ரெண்டாவது அலட்சியம் மாதிரி தெரியும். பல சமயம் அதுதான் சீக்கிரம்.

எடையும் ஒரு வெவகாரம். நீண்ட தூர விமானம் எறங்கறப்ப எரிபொருள்லாம் கொறஞ்சிருக்கும்ங்கற கணக்குலதான் செஞ்சிருக்காங்க. போயிங் 777-300 ஈஆர் ஏறறப்ப 351 டன் வரைக்கும் இருக்கலாம், எறங்கறப்ப 251 டன்தான் எல்லை, கெளம்புன ஒடனே எறங்கணும்னா அந்த நூறு டன்னுக்கு என்ன பண்றது? ஒரு வழி எரிபொருள வானத்துலயே கொட்டறது, இதுக்கு ஃபியூயல் டம்பிங்னு பேரு, நேரம் எடுக்கும், அது போக 737, ஏ320 மாதிரி சின்ன விமானங்கள்ல அந்த வசதியே கெடையாது. இன்னொரு வழி எடையோடயே எறங்கறது, அவசரம்னா தாராளமா பண்ணலாம், ஆபத்துன்னு சொல்ல முடியாது, ஆனா நீளமான ரன்வே வேணும், அப்புறம் விமானத்த இன்ஜினியர்கள் முழுசா சோதிக்காம பறக்க விட மாட்டாங்க. உயிர் ஊசலாடுதுன்னா கேப்டன் இதத்தான் எடுப்பாரு, வெறும் வாந்திக்கு எடுக்க மாட்டாரு.

முடிவு எடுத்ததும் ரேடியோல பான்-பான்னு மூணு தடவை சொல்லுவாங்க. மேடே தெரியும்ல, அது விமானத்துக்கே ஆபத்துன்னா சொல்றது, பான்-பான் அதுக்கு ஒரு படி கீழ, விமானம் நல்லா இருக்கு ஆனா அவசரம்னு அர்த்தம். அதுக்கப்புறம் மத்த விமானங்கள ஒதுக்கி இவங்களுக்கு நேர் வழி குடுப்பாங்க, கீழ ஆம்புலன்ஸ் வந்து நிக்கும்.

சுருக்கமா இந்தப் பகுதி: கிட்டக்க இருக்கற ஏர்போர்ட் எதுன்னு அவங்க தேடல, நோயாளி சரியான ஆஸ்பத்திரி கட்டில்ல எப்ப படுப்பாருன்னு தேடறாங்க. அந்த 11,920 கேஸ்ல வழி மாத்துனது 7 சதவீதம் சொச்சம்தான், மத்தவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அதுக்குத் தேவையே வரல.

எறந்துட்டாங்கன்னா

பேச யாரும் விரும்பாத பகுதி, சீக்கிரம் சொல்லிடறேன். அந்த ஆராய்ச்சியில எறந்தவங்க 0.3 சதவீதம். சிபிஆர் அரை மணி நேரமோ அதுக்கு மேலயோ பண்ணியும் உயிரோட எந்த அறிகுறியும் இல்ல, ஏஈடியும் ஷாக் வேண்டாம்னே சொல்லுதுன்னா நிறுத்தலாம்னு விமானத் துறையோட பொது வழிகாட்டுதல். எறந்துட்டாருன்னு க்ரூ அதிகாரபூர்வமா அறிவிக்க மாட்டாங்க, அது டாக்டர் வேலை. காலியா ஒரு வரிசை இருந்தா அங்க வச்சு, பெல்ட் போட்டு, கழுத்து வரைக்கும் போர்வை போத்திடுவாங்க. அதுக்கப்புறம் அவசரமா எறங்க வேண்டிய காரணம் இல்லாததால பல சமயம் போக வேண்டிய ஊருக்கே போயிடுவாங்க, கேக்க கல்நெஞ்சா இருக்கும், ஆனா நடு வழியில தெரியாத ஒரு நாட்டுல எறக்குனா அந்தக் குடும்பம்தான் காகிதத்தோட அலையணும்.

சும்மா உக்காந்திருக்கற நம்ம

தெனமும் சாப்பிடற மாத்திரைய செக்-இன் பெட்டியில போட்டு அனுப்பாதீங்க, இதய மாத்திரை சரக்கு அறையில கெடந்தா யாருக்கு லாபம். கொஞ்சம் ஒரு மாதிரி இருக்குன்னா அப்பவே க்ரூகிட்ட சொல்லுங்க, பலரும் வெக்கப்பட்டு ஒரு மணி நேரம் அடக்கிட்டு அப்புறம் விழறாங்க, அந்த ஒரு மணி நேரத்துல கடல தாண்டறதுக்கு முன்னாடியே எறங்கியிருக்கலாம். தலை சுத்துனா எழுந்து பாத்ரூமுக்கு ஓடாதீங்க, உள்ள தாழ்ப்பா போட்டுட்டு மயங்குனா கண்டுபிடிக்கவே நேரம் ஆகும்.

அப்புறம் எறங்குனதும் எல்லாரும் உக்காந்தே இருங்கன்னு ஒரு அறிவிப்பு வரும். அந்த வழியில ஒரு ஆளுதான் நுழைய முடியும்னு சொன்னேன்ல, அதுலதான் ஸ்ட்ரெச்சரும் ரெண்டு ஆளும் பையுமா ஏறி 27 வது வரிசை வரைக்கும் வரணும். அம்பது நிமிஷம் கணக்குப் போட்டு, எடை பாத்து, ஆஸ்பத்திரி பாத்து கொண்டாந்து எறக்கியிருப்பாங்க, அந்த நேரம் பாத்து 12 வது வரிசைக்காரரு மேலருந்து பெட்டிய எறக்கிட்டு வழியில நிப்பாரு.